கதவை மூடிக்கொள்ளும் மூத்தவனும் அடங்காத இளையவனும்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தோஹாவில் வேலை. மூத்தவனுக்கு 13 வயது. ஆறேழு மாதமாக என்னோடு பேச்சுக் குறைந்துவிட்டது. அறைக்கதவை மூடிக்கொள்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான். இரவில் தூங்குவதில்லை, காலையில் எழுப்ப முடியவில்லை. இளையவனுக்கு 7 வயது. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான் என்று ரீச்சர் முறைப்பாடு சொல்கிறார். மாமியாரோ "ஆம்பிளைப் பிள்ளைகள் தானே, தங்கட பாட்டில வளருவாங்கள்" என்கிறார். உண்மையில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. மகளுக்கு வயது வரும்போது வீடே கூடி நின்று சொல்லிக்கொடுக்கிறது. மகனுக்கு அதே வயதில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பத்து வயதுவரை மடியில் கிடந்தவனைத் தலை தடவுவதும் நிற்கிறது, அவனோடு பேசுவதும் "படிச்சியா, சாப்பிட்டியா" என்பதோடு முடிகிறது. மூத்தவனின் மௌனத்தில் ஒரு பங்கு வயதினால் வந்தது. மறு பங்கு, நாம் பேச்சை நிறுத்தியதால் வந்தது. இரண்டாவதை மாற்ற உங்களால் முடியும்.

அவன் உடம்பில் நடப்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளின் பருவ மாற்றம் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் எப்போதும் தொடங்கலாம். முதல் அறிகுறி விதைகள் பெரிதாவது. அது வெளியே தெரியாததால், மீசை அரும்பும்போதுதான் வீட்டாருக்குப் புரிகிறது. அதற்குள் ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். 9 வயதுக்கு முன் தொடங்கினாலும், 14 முடிந்தும் எதுவும் தொடங்காவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 13, 14 வயதளவில் வருடத்துக்கு 9, 10 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும். பெரும்பாலும் பாதம்தான் முதலில் வளரும், கையும் காலும் பிறகு நீளும். அதனால்தான் கோப்பையைத் தட்டி ஊற்றுவதும் கதவுநிலையில் இடிபடுவதும். அதைக் கவனக்குறைவு என்று ஏசாதீர்கள்.

இந்த வயதுப் பையன்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மார்புக் காம்பின் கீழே சிறு கட்டிபோலத் தடித்து நோகும். அநேகமாக ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். ஆனால் யாரும் இதைச் சொல்லிவைக்காததால், தான் பெண்ணாக மாறுகிறேனோ, புற்றுநோயோ என்று அவன் தனக்குள்ளேயே பயப்படுவான். நீச்சலுக்கு வரமாட்டேன் என்பதும், கூனிக்கொண்டு நடப்பதும், வீட்டிலும் ரீஷேர்ட்டைக் கழற்றாததும் இதனாலாக இருக்கலாம்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படித்தான். இதை 11 வயதுக்குள் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னாலும் பிந்திவிடவில்லை. நீண்ட பிரசங்கம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்: "அப்பன், நித்திரையில சாரம் நனைஞ்சா அது வருத்தமில்லை. உன்ர வயசில கனபேருக்கு வாறதுதான். சாரத்தைக் கழுவிப் போட்டாச் சரி." சுய இன்பத்தால் நரம்பு தளராது, உடம்பு இளைக்காது, பிற்காலத்தில் பிள்ளை பிறப்பதில் தடையும் வராது. இதைத் தெளிவாகச் சொல்வது முக்கியம். ஏனென்றால் "நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து" என்று வரும் விளம்பரங்கள் இந்தப் பயத்தை வைத்தே பணம் பறிக்கின்றன. தாயிடம் கேட்கக் கூசும் பிள்ளைக்கு அந்த விளம்பரம்தான் முதல் பாடப்புத்தகமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் இன்றே சொல்லிவையுங்கள். விதையில் திடீரென்று கடும் நோவு வந்தால், நடுச்சாமமானாலும் உங்களை எழுப்ப வேண்டும். விதை முறுகி இரத்தவோட்டம் தடைப்பட்டால் அதைக் காப்பாற்றச் சுமார் ஆறு மணித்தியாலம்தான் இருக்கிறது. வெட்கத்தில் "வயித்துக்குத்து" என்று மட்டும் சொல்லிப் படுத்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். அடிவயிற்று நோவோடு வாந்தியும் வந்தால் நீங்களே நேரடியாகக் கேளுங்கள். விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

கொழும்பின் புழுக்கத்துக்கு உடம்புச் சுத்தத்தையும் சொல்லவேண்டும். விளையாடி வந்தவுடன் குளிப்பு, உலர்ந்த பருத்தி உள்ளாடை, நாளுக்கு ஒன்று. வியர்த்ததையே திரும்பப் போட்டால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் கிறீம்களில் ஸ்ரீரொயிட் இருந்தால், சொறி அடங்குவதுபோல் அடங்கிப் பிறகு பரவும். சாப்பாட்டில், 13, 14 வயதில் நாளுக்கு 35 முதல் 50 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கப் கெட்டிப் பருப்பில் சுமார் 15. சூடையும் நெத்தலியும் முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். ஜிம்மில் விற்கும் புரதத் தூள் அவனுக்குத் தேவையில்லை.

அடுத்தது நித்திரை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கம் வரவைக்கும் மெலற்றோனின் சுரப்பு முன்னரைவிட ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கும். ஆகவே ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் அவனால் முடியாது, அது சோம்பலுமல்ல, அடமுமல்ல. ஆனால் 13 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். ஸ்கூல் வான் 6.20க்கு வருமென்றால் 5.45க்கு எழும்ப வேண்டும், அதாவது 9.45க்குள் தூங்கியிருக்க வேண்டும். ரியூஷன் முடிந்து எட்டரைக்கு வீடு வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் சரிவராது. எனவே பள்ளிக்கூட நாட்களில் எட்டு மணிக்குப் பிந்தி முடியும் ரியூஷனில் ஒன்றையாவது சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். தூங்கிவழியும் தலையில் கூடுதல் வகுப்பு ஏறாது. சனி ஞாயிறில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிடாதீர்கள், திங்கட்கிழமை மறுபடி குழம்பும். எழும்பியவுடன் யன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் படச் செய்யுங்கள், கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது அதுதான்.

போன் ஒன்பது மணிக்கு அறையை விட்டு வெளியே வரவேண்டும். சார்ஜர் ஹோலில் இருக்கட்டும், உங்கள் போனும் அதே இடத்தில், அதே நேரத்தில். பெரியவர்களுக்கு இல்லாத சட்டத்தைப் பையன்கள் ஒரு கிழமைக்கு மேல் மதிப்பதில்லை. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், ஒரு மணிக்கூடு வாங்கிக்கொடுங்கள். பறித்தெடுப்பதும் ஒளித்துவைப்பதும் வேலைக்காகாது. இரண்டாவது போனொன்றைக் கூட்டாளியிடம் வாங்கும் வழியைத்தான் அவை கற்றுக்கொடுக்கும்.

போனைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை முழுமையாகவே சொல்லிவிடுங்கள். பெண் பெயரில் பழகி, உடை களைந்த படத்தை வாங்கிக்கொண்டு, "காசு தா, இல்லையென்றால் உன் நண்பர்களுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டும் கூட்டங்களின் முக்கிய இலக்கு பதின்ம வயதுப் பையன்களே. அவனிடம் சொல்ல வேண்டியது: காசு அனுப்பாதே, உரையாடலை அழிக்காதே, ஸ்கிரீன்ஷொட் எடு, கணக்கை புளொக் பண்ணு, உடனே என்னிடம் வா, நான் ஏசமாட்டேன். கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். முறைப்பாட்டைப் பொலிஸின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்திலோ செய்யலாம். 1929இல் தமிழிலும் பேசலாம்.

இதையெல்லாம் பேசவே அவன் இருக்கமாட்டானே என்பீர்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் இந்த வயதுப் பையன்களில் அநேகர் வாயை இறுக்கிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும். மரைன் ட்ரைவில் பின்னேரம் அரை மணித்தியாலம் நடங்கள். மரக்கறி வெட்டத் தாருங்கள். கேள்வி ஒன்றுதான், அதுவும் அவனுடைய உலகத்திலிருந்து: "நேற்று மேட்ச்சில உன்னை ஏன் மூன்றாவதா இறக்கினவங்கள்?" பதில் வந்தால் அறிவுரை சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் மௌனம் இருந்தால் அதை நிரப்பவும் வேண்டாம். அவன் மூடிய கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். தன் அறைக்கு மதிப்புக் கிடைத்தவன் கதவை அதிக நாள் பூட்டி வைப்பதில்லை.

எரிந்து விழுவது வேறொன்றின் அடையாளமாகவும் இருக்கலாம். மனச்சோர்வு பையன்களிடம் பல வேளைகளில் அழுகையாக வருவதில்லை, கோபமாகவே வரும். எரிச்சல் இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, அதோடு பிடித்த கிரிக்கெட்டையும் கைவிட்டு, சாப்பாடும் புள்ளிகளும் சரிந்தால் காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்று நினைத்திருக்கிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டால்தான் வெளியே வரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. பல அரச ஆஸ்பத்திரிகளில் இளம் வயதினருக்கென "யொவுன் பியச" என்ற நிலையங்களும் உண்டு.

இனி இளையவன். 7 வயதுப் பையன் உட்காரமாட்டேன் என்பது அந்த வயதின் இயல்பு, பெரும்பாலும் நோயல்ல. 5 முதல் 17 வயதுவரை நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்மாடி வீட்டில், பந்து தட்டினாலே கீழ்வீட்டுக்காரர் மேலே வரும் நிலையில், அது எங்கே நடக்கும்? காலையில் ஸ்கூல் வானில் உட்கார்ந்து, வகுப்பில் உட்கார்ந்து, ரியூஷனில் உட்கார்ந்து, மாலையில் ரிவியின் முன்னும் உட்கார்ந்திருக்கிறான். கிழமையில் நான்கு நாளாவது கடற்கரையிலோ விகாரமகாதேவி பூங்காவிலோ ஓடவிடுங்கள், வீட்டுப்பாடம் அதற்குப் பிறகு. அதையும் 15 நிமிடத் துண்டுகளாக உடையுங்கள். குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது அவன் காதில் விழாது. கிட்டப் போய், தோளில் கைவைத்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, பத்து விநாடி பொறுங்கள். செய்தவுடன் "சப்பாத்தை அடுக்கி வச்சிட்டாய், கெட்டிக்காரன்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

அடி வேண்டாம். அடி அந்த நிமிடம் நிறுத்தும், மறுநாள் நிறுத்தாது. பையன்கள் அதிலிருந்து கற்பது, பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதை. அதைத் தம்பியிடமும் வகுப்பிலும் செய்துகாட்டுவார்கள்.

ரீச்சரின் முறைப்பாடு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒரேவிதமாக இருந்தால் மட்டுமே கவனக்குறைவுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், கரும்பலகை தெரியாதவனும் அலைந்துகொண்டுதான் இருப்பான். பொரளை சீமாட்டி றிஜ்வே ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது.

இந்த வயதில் இன்னொரு பாடம்: உன் உடம்பை உன் அனுமதியில்லாமல் யாரும் தொடக்கூடாது, தொட்டவர் "ரகசியம்" என்றால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வானிலும் ரியூஷனிலும் பையன்களுக்கும் அது நடக்கிறது, அவர்கள் சொல்வதுதான் குறைவு. குளிக்கும்போது முன்தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள், கிழிந்து தழும்பானால்தான் பிரச்சினை தொடங்கும். பல பையன்களுக்கு அது பருவ வயதில்தான் முழுதாக விலகும்.

அப்பா தூரத்தில் இருப்பது குறைதான், ஆனால் சரிசெய்யக்கூடிய குறை. தோஹா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே மாலை ஐந்தரை என்றால் இங்கே எட்டு மணி. வேலைநேரம் பார்த்துக் கிழமையில் மூன்று நாள் நிலையான நேரம் வையுங்கள், ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனியாக. அந்த அழைப்பில் முறைப்பாட்டுப் பட்டியல் வாசிக்காதீர்கள், அப்படி வாசித்தால் அப்பாவின் பெயரைக் கண்டாலே போனை எடுக்கமாட்டான். தன் குரல் உடைந்த காலத்தைப் பற்றி அவர் மகனுக்குச் சொல்லட்டும், முதல் சவரத்தை வீடியோவில் அவரே சொல்லிக்கொடுக்கட்டும். நேரில் இருக்கக்கூடிய மாமா ஒருவரையும் கேளுங்கள், ஆனால் குடிப்பவராகவோ பெண்களை இழிவாகப் பேசுபவராகவோ இருந்தால் இல்லாமல் இருப்பதே மேல்.

வேலைகளை இப்போதே தொடங்குங்கள். 7 வயதில் தன் கோப்பையைக் கழுவி, சப்பாத்துக்குப் பொலிஷ் போடலாம். 10 வயதில் சோறும் முட்டைப் பொரியலும். 13 வயதில் தன் சீருடையைத் துவைத்து அயர்ன் பண்ணுவது முழுக்க அவன் பொறுப்பு, ஒருநாள் கசங்கிய சேர்ட்டோடு போனாலும் நீங்கள் கைவைக்காதீர்கள்.

16க்குப் பிறகு உங்கள் இடம் மாறுகிறது. சட்டங்களைக் குறைத்துக் காரணங்களைப் பேசும் வயது அது. மாதச் செலவுக்காசைத் தந்து, அது 20ஆம் திகதியே முடிந்துவிட்டாலும் மேலதிகமாகத் தராதீர்கள். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஐஸ் என்ற போதைப்பொருளும் மாவா என்ற புகையிலைக் கலவையும் பாடசாலை வாசல்வரை வருகின்றன. தூக்கமேயில்லாத இரவுகள், காரணமில்லாமல் மெலிவது, காசு காணாமற்போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐஸைச் சந்தேகியுங்கள். ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. மோட்டார் சைக்கிள் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்கள்தான் கொழும்புப் பையன்களுக்கு மிகவும் வெறுமையானவை. அந்தக் காலத்துக்கு முன்கூட்டியே திட்டம் வையுங்கள்: பகுதிநேர வேலை ஒன்று, சாரதிப் பயிற்சி, சிங்களமோ ஆங்கிலமோ சரளமாகப் பேச ஒரு வகுப்பு. முதல் சம்பளத்தில் ஒரு பங்கை மின்கட்டணத்துக்கு அவனே கட்டட்டும்.