அன்டோனியோ வாய் திறக்கவில்லை

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில், தனக்குத் துரோகம் செய்து மிலான் நாட்டு ஆட்சியைப் பறித்த எல்லோரையும் பிராஸ்பெரோ தன் மந்திரத்தால் ஒரே தீவில் கொண்டுவந்து சேர்க்கிறான். கடைசியில் 'மறப்போம், மன்னிப்போம்' என்று விட்டுவிடுகிறான். இது சப்பென்று இல்லையா?

பதில்: மன்னித்தான், சரி. மறந்தான் என்று யார் சொன்னது?

ஐந்தாம் அங்கத்தை இன்னொரு முறை படியுங்கள். "உன்னைத் தம்பி என்று கூப்பிட்டால் என் வாயே கெட்டுப்போகும்" என்கிற தோரணையில்தான் தம்பி அன்டோனியோவிடம் ஆரம்பிக்கிறான். அதே மூச்சில் மன்னிக்கிறான். வாக்கியம் முடிவதற்குள் "என் நாட்டைத் திருப்பிக் கொடு, கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்கிறான். மூன்று வயது நிரம்பாத மகளோடு, எலிகளே விட்டு ஓடிப்போன உளுத்த படகில் ஏற்றி அனுப்பியவன் இந்தத் தம்பி. 12 வருடம் ஆகியும் அந்தக் காயம் ஆறவில்லை. ஆறாத காயத்தோடு மன்னிக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மந்திரத்தால் புயலை வரவழைக்க முடிகிறது, எதிரிகளைச் சிலையாக நிற்கவைக்க முடிகிறது. வெட்கப்பட வைக்க முடியவில்லை. அன்டோனியோவின் துரோகத்துக்குத் துணைபோன நேப்பிள்ஸ் அரசன் அலோன்சோ மன்னிப்புக் கேட்கிறான். மகனைப் பறிகொடுத்துவிட்டோம் என்று தவித்த தவிப்பு அவனை மாற்றிவிட்டது. அன்டோனியோ? தீவில் கரையேறிய பிறகும், தூங்கும் அரசனைக் கொல்ல வாளை உருவியவன். பிராஸ்பெரோவுக்கு அதுவும் தெரியும். "இப்போதைக்குச் சொல்லமாட்டேன்" என்று மெதுவாக எச்சரித்துவிட்டுத்தான் மன்னிக்கிறான். அன்டோனியோ பதிலுக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்புறம் ஒரே ஒரு தடவை வாய் திறக்கிறான், அதுவும் பிராஸ்பெரோவின் அடிமையான, விசித்திர உருவம் கொண்ட தீவுவாசி காலிபனைப் பார்த்து 'இந்த மீனை விற்றால் காசாகும்' என்று சொல்ல.

1611-ல் முதலாம் ஜேம்ஸ் அரசர் முன்னால் நடித்த நாடகம் இது. அந்த மௌனத்தில் தலை குனிவதா, முறைப்பதா என்பது இன்றைக்கும் நடிகர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகமே கதி என்று கிடந்து, ஆட்சியைத் தம்பியிடம் ஒப்படைத்தவனே பிராஸ்பெரோதான். அந்தப் புத்தகத்தைத்தான் இப்போது கடலில் ஆழ்த்துகிறேன் என்கிறான், மந்திரக்கோலை முறிக்கிறேன் என்கிறான். விடிந்தால், மனம் திருந்தாத அந்தத் தம்பியோடு ஊர் திரும்பும் கப்பலில் ஏறவேண்டும், வெறும் கையோடு.