இங்கிலாந்துக் கால்பந்தில் ரசிகர்களின் ரவுடித்தனம் எப்படிக் குறைந்தது?

நின்று பார்க்கும் இடங்களை எடுத்துவிட்டு மைதானம் முழுக்க இருக்கை போட்டதால்தான் ரசிகர்கள் அடங்கினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை.

1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானம். இங்கிலாந்தின் லிவர்பூல், இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மீது பாய்ந்தார்கள். நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் 5 ஆண்டு தடை, லிவர்பூலுக்கு 6.

அப்புறம் 1989, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். நெரிசலில் ரசிகர்கள் நசுங்கி இறந்தார்கள். இதையும் ரவுடித்தனக் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அபாண்டம். அந்த நெரிசலுக்கு ரசிகர்கள் காரணமல்ல என்று 2016இல் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி தெளிவாகச் சொன்னது. பழி முக்கியமாகக் காவல்துறையின் மீது விழுந்தது. இருக்கைகள் வந்தது அந்த விபத்தை ஆராய்ந்த டெய்லர் அறிக்கையால், அதுவும் முதன்மையாகப் பாதுகாப்புக்காக.

என்னைக் கேட்டால் உண்மையான கடிவாளம் நீதிமன்றத் தடை உத்தரவுதான். குறைந்தது 3 ஆண்டு மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. வெளிநாட்டில் முக்கிய ஆட்டம் என்றால் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் அணிகள் மோதும் யூரோ 2000 போட்டியின்போது பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரில் கலவரம் நடந்த பிறகு, குற்றத் தண்டனை பெறாதவர் மீதும் போலீஸ் மனு போட்டுத் தடை வாங்கலாம் என்று சட்டத்தை இறுக்கினார்கள். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் பலித்தது. சிசிடிவியும் ஏறிய டிக்கெட் விலையும் கூடவே சேர்ந்துகொண்டன.

முழுக்க ஒழிந்துவிடவில்லை. 2021 யூரோ இறுதிப் போட்டியன்று டிக்கெட் இல்லாத கூட்டம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்குள் முண்டியடித்து நுழைந்தது.