கொரியத் தேநீர்க் கோப்பைகளில் வட்டமும் கோடும் புள்ளியும் ஏன்?

வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். பல கோப்பைகளில் அவை கொரிய மொழியின் எழுத்தான ஹங்குலின் உறுப்புகள். மன்னர் சேஜோங் 1443-இல் உருவாக்கி, 1446-இல் வெளியிட்ட எழுத்துமுறை அது. அடிப்படை மெய்யெழுத்துகள் ஒலி பிறக்கும் இடத்தையே வரைந்து காட்டுகின்றன: தொண்டைக்கு வட்டம், வாய்க்குச் சதுரம், 'ந' ஒலிக்கு மேலே வளையும் நாக்கு. உயிரெழுத்துகளுக்கு மூன்றே குறிகள்தான்: வானத்துக்குப் புள்ளி, நிலத்துக்குக் கிடைக்கோடு, மனிதருக்கு நிமிர்ந்த கோடு. இவ்வளவு எளிய வடிவங்கள் என்பதால் கோப்பையின் விளிம்பு, கைப்பிடி, மூடிக் குமிழ் என எதிலும் அழகாகப் பொருந்திவிடும்.

சரி, பின்னணி ஏன் வெள்ளை? கொரியாவை ஜோசோன் அரசமரபு ஆண்ட காலத்து (1392–1910) வெள்ளைப் பீங்கான் மரபு அது. அரண்மனைக்கான சூளைகள் கியோங்கி மாகாணத்துக் குவாங்ஜுவில் இருந்தன. அங்கே உருவான 'நிலா ஜாடி' இரண்டு பெரிய கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டிச் செய்தது. அதனால் வயிறு சற்றுக் கோணலாக இருக்கும், அந்தக் கோணல்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

வாங்குவதானால், மேலே அச்சிட்டதைவிட எழுத்தைக் களிமண்ணில் செதுக்கி, பள்ளத்தில் வேறு நிற மண் நிரப்பி, மேலே மெருகுபூசிச் சுட்டதைத் தேடுங்கள். ஜோசோனுக்கு முந்தைய கோரியோ அரசமரபின் காலத்துப் பச்சைப் பீங்கானில் சிறந்த உத்தி அது. எழுத்து மெருகுக்கு அடியில் இருப்பதால் கழுவக் கழுவ அழியாது.