ஃபிக்ஸ்டு கியர் சைக்கிள் ஓட்டும்போது கையோடு என்னென்ன டூல்ஸ் எடுத்துப் போக வேண்டும்?

முதலில் ஒரு 15 மி.மீ. ஸ்பேனர். மற்றதெல்லாம் அப்புறம்.

கியர் சைக்கிள் பலவற்றில் லீவரைத் திருப்பினாலே சக்கரம் கழன்றுவிடும். பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸ்டு கியரில், பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது இருபக்க நட்டுகள்தான்; அளவு பெரும்பாலும் 15 மி.மீ. சாதாரண மல்டி டூலில் ஆலன் கீ வரிசையாக இருக்கும், இந்த ஸ்பேனர் இருக்காது. முட்டுக்காடு பாலம் தாண்டி எனக்குப் பின்டயர் பஞ்சரானபோது பையில் புது டியூப், பம்பு எல்லாம் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற வழியில்லை. வெயிலில் தள்ளிக்கொண்டே போய், ஒரு பஞ்சர் கடையில் ஸ்பேனர் கேட்டு வாங்கினேன்.

வாங்கும்போது கைப்பிடி நீளத்தைப் பாருங்கள், ஒரு சாண் இருந்தால் நல்லது. பெடலை அழுத்தும்போதெல்லாம் செயின் பின்சக்கரத்தை முன்னால் இழுக்கிறது. நட்டு இறுகவில்லை என்றால் சக்கரம் நகர்ந்து செயின் தொய்யும். ஓட்டத்தில் செயின் கழன்றால், காலால் வேகம் குறைக்க முடியாது. சிக்கிக்கொண்டால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டாம், நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

டியூப், ஒட்டுப் போடும் சாமான், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு ஆகியவை எந்தச் சைக்கிளுக்கும் பொதுவானவை. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். அதை மாட்டினால் பைக்குக்குக் காற்றடிக்கும் கடையிலேயே அடித்துக்கொள்ளலாம். பிரேக், ஹேண்டில்பாருக்கு 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ போதும். காலாலேயே நிறுத்திவிடலாம் என்று முன்பிரேக் இல்லாமல் மட்டும் ரோட்டுக்கு வராதீர்கள்.

லாக்ரிங் என்பது பின்பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் வளையம்; அதற்கான ஸ்பேனரைச் சுமக்க வேண்டாம். லாக்ரிங்குக்கு இடது மரை, அதாவது இடப்பக்கம் சுற்றினால் இறுகும். அதை வீட்டிலேயே நன்றாக இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

செயின் துடைக்க ஒரு பழைய துணி வையுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஒரு செ.மீ. அளவுக்கு ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், சில இடங்களில் செயின் கூடுதலாக இறுகும். அந்த இடத்திலும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். ஆனால் தயவுசெய்து, சக்கரம் சுற்றும்போது செயினில் கையோ துணியோ வைக்காதீர்கள். இதில் ஃபிரீவீல் கிடையாது, சக்கரம் நிற்கும்வரை செயினும் நிற்காது. துணி மாட்டினால் விரலையும் சேர்த்துப் பல்சக்கரத்துக்குள் இழுத்துவிடும், விரலே துண்டாகலாம். நின்ற சக்கரத்தில் துடையுங்கள், கொஞ்சம் நகர்த்தி மறுபடி துடையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில் இருப்பதை மட்டும் வைத்து வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, திரும்ப மாட்டிப் பாருங்கள். நான் அப்படிச் செய்த அன்றுதான் பையிலிருந்து செயின் கட்டர் வெளியே போனது, துணி உள்ளே வந்தது.