"நீ யார் இதைச் செய்ய?" என்று மனம் கேட்டால்...

கேள்வி: எனக்கு 48 வயது. பல வருடங்களாக ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. என் மகனுக்குச் சின்ன வயதில் டிஸ்லெக்சியா (எழுத்துக்களை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) இருந்தது தெரியவந்து, அவனுக்காக நானே படித்து, நானே சொல்லிக் கொடுத்தேன். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் மாலையில் வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே ஒரு பயிற்சி மையமாகத் தொடங்க ஆசை. ஆனால் ராத்திரி படுத்தால், 'ஆசிரியர் பயிற்சிகூட இல்லாத நீ யார் இதைச் செய்ய?' என்று மனம் குடைகிறது. 'பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இது தேவையா?' என்கிறார் அக்கா. கணவர், 'உன் இஷ்டம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்தப் பிள்ளைகளிடம் பணம் வாங்கவும் மனசு வரவில்லை. எனக்குத் தன்னம்பிக்கை வர என்ன வழி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தன்னம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். அது அந்த வரிசையில் வருவதில்லை. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-ல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் வலுவானது முதலாவதுதான். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று தினமும் பத்து முறை சொல்லிக்கொள்ளச் சொல்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் உங்களிடம் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணாடியைவிட அவர்கள் நல்ல சாட்சி.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மாதம் ஒருமுறை, அவர்கள் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தார்கள், எந்த எழுத்தில் தடுமாறினார்கள் என்று குறியுங்கள். முன்னேற்றம் இருந்தால் அதில் தெரியும். இல்லாவிட்டாலும் தெரியும், அப்போது முறையை மாற்ற வேண்டும், அல்லது அந்தப் பிள்ளையை இன்னும் தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும். ராத்திரி மனசு பேசுவதை ராத்திரியே நம்பிவிடாதீர்கள்; காலையில் நோட்டைப் பாருங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே சந்தேகமல்ல. 'எனக்குப் பயிற்சி இல்லை' என்பது வேறு, 'நான் யார் இதைச் செய்ய?' என்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள்.

முதல் சந்தேகம் நியாயமானது. அதை உதறித் தள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகனுக்குப் பலித்த வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் பலிக்க வேண்டும் என்பதில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, ஒன்றும் விடாமல், திரும்பத் திரும்பக் கற்பிக்கும் முறைகள் இதற்கென்றே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முறையான பயிற்சி எடுங்கள். ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையும் அல்ல. அதற்குத் தகுதியுள்ள உளவியல் நிபுணரிடம்தான் அனுப்ப வேண்டும். தைரியம் மட்டும் நிறைய உள்ள ஒருவரிடம் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் வீணாவதை நான் விரும்பவில்லை. நீங்களும் விரும்ப மாட்டீர்கள் என்பதால்தான் இந்தச் சந்தேகமே உங்களுக்கு வருகிறது.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி செவிலியராகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். சாகும் தறுவாயில் உள்ளவர்களின் வலியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தார். மருத்துவராக இல்லாவிட்டால் உன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஓர் அறுவை மருத்துவர் சொன்னபோது, 30 வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957-ல் மருத்துவரானார். அவர் உருவாக்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லம் 1967-ல் திறந்தபோது அவருக்கு 49 வயது. இன்று உலகெங்கும் உள்ள ஹாஸ்பிஸ் பராமரிப்புக்கு, அதாவது வாழ்வின் இறுதிக்கட்டத்தில் உள்ளவர்களுக்கான பராமரிப்புக்கு முன்மாதிரி அதுதான். அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அவரிடம் வாதாடி ஜெயித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு எந்தப் பயிற்சியும் மருந்தில்லை. பட்டமும் பாராட்டும் பெற்ற பெண்களிடமே, 'எனக்குத் தகுதியில்லை, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்' என்ற பயம் இருப்பதை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். எனவே சான்றிதழ் வந்தால் அந்தக் குரல் அடங்கிவிடும் என்று எண்ணி ஒரு கோர்ஸ், அதற்குப் பின் இன்னொரு கோர்ஸ் என்று சேர்ந்துகொண்டே போகாதீர்கள். தள்ளிப்போடுவதற்கு அதைவிடக் கௌரவமான வழி கிடையாது! மையம் திறக்கும் நாளிலும் அந்தக் குரல் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

வயதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில் 45 என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மையம் அந்த ரகம் இல்லைதான். ஆனால் அதே துறையில் முன் அனுபவம் உள்ளவர்கள் மேலாக வருகிறார்கள் என்றும் அந்த ஆய்வு சொன்னது. பிள்ளைகளோடு பழகிய அனுபவம், கணக்கு தெரிந்த கை இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மனசு நிறைய அக்கறையோடு மையம் திறந்து, வரவு செலவு புரியாமல் மூடியவர்களைக் கேட்டால் இரண்டாவதன் அருமையைச் சொல்வார்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டுத் தொடங்கியவர்களைவிடக் குறைவாகவே தோற்கிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. உங்களுக்கு மாலை நேரமும் வார இறுதியும் இருக்கின்றன. பயிற்சியையும் அதற்குள்ளேயே முடிக்கப் பாருங்கள்.

கணவரின் 'உன் இஷ்டம்' என்பதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் முன்னால் நீங்கள் ஆசையை மட்டும் வைத்திருக்கிறீர்கள். அதற்கு அவர் வேறென்ன சொல்வார்? தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, அனுபவசாலிகள் 'எவ்வளவு வரும்?' என்று கேட்பதைவிட, 'எவ்வளவு போனால் தாங்கும்?' என்றே முதலில் கேட்கிறார்கள் என்கிறார். ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு பணம், எத்தனை மாதம், அதற்குள் எத்தனை பிள்ளைகள் சேராவிட்டால் நிறுத்திக்கொள்வீர்கள். தாளை அவரிடம் கொடுத்து, "இதில் எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒரு எண்ணிலாவது விரல் வைப்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

பணம் வாங்குங்கள். இலவசம் என்றால் உங்கள் நேரத்துக்கு ஒழுங்காக வர மாட்டார்கள், நீங்களும் ஒருநாள் அலுத்துப்போய்ப் பாதியில் விடுவீர்கள், நஷ்டம் பிள்ளைக்கு. முடியாத குடும்பங்களுக்குச் சலுகை கொடுக்கலாம். ஆனால் ஒரு சமயத்தில் எத்தனை பேருக்கு என்று முன்னரே முடிவு செய்துவிடுங்கள். கட்டணத்தை அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாயால் சொல்லும் பழக்கம் வேண்டாம், உங்கள் சுபாவத்துக்குச் சொல்லி முடிக்கும் முன்பே பாதியாக்கிவிடுவீர்கள்.