ரேம் விலை ஏறும் காலத்தில் எந்த மதர்போர்ட்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் வீட்டுக் கணினியின் மதர்போர்ட் ஐப்பசி மாத இடிமின்னலில் பழுதாகிவிட்டது. அது இன்டெல் ஐ5-6500 புரொசெசரும், 8 ஜிபி அளவில் இரண்டு டிடிஆர்4 ரேம்களும் உள்ள கணினி. மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பழையதை எல்லாம் கழித்துவிட்டு டிடிஆர்5 எனும் புதிய தலைமுறை ரேமுக்கான மதர்போர்டோடு முழுவதையும் புதிதாக எடுக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். போன கிழமை சொன்ன விலை இந்தக் கிழமை இல்லை என்றும் சொல்கிறார். பிரான்சில் இருக்கும் தம்பி காசு அனுப்புவதாகச் சொல்கிறான். அவன் கஷ்டப்பட்டு உழைத்த காசை வீணாக்க மனமில்லை. எந்த மதர்போர்ட் வாங்கலாம்?
— வாசகி, பரந்தன்

பதில்: விலை கிழமைக்குக் கிழமை மாறுகிறது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். உலகில் உற்பத்தியாகும் ரேம் எனும் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய தரவு நிலையங்கள் கேட்கும் விசேட நினைவகங்களுக்கு அவை தங்கள் ஆலைகளைத் திருப்பியதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாதாரணக் கணினிகளுக்கான ரேம் தட்டுப்பட்டு, டிடிஆர்5 ரேமின் விலை சில மாதங்களுக்குள்ளேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. பலரும் வாங்கிப் பழகிய குரூஷல் ரேம்களின் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது. டொலரில் இறக்குமதியாகும் பொருளின் மேல் 18 சதவீத வற் வரியும் சேர்வதால், உலகச் சந்தையில் ஏறும் ஒவ்வொரு டொலரும் கொழும்பு பம்பலப்பிட்டியிலும் பிறகு கிளிநொச்சியிலும் கூடுதலான ரூபாவாகவே வந்து சேர்கிறது.

மதர்போர்டின் விலை இந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் எந்த ரேமை வாங்க வேண்டும் என்பதை மதர்போர்ட்தான் தீர்மானிக்கிறது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 மதர்போர்டில் பொருந்தாது, ஏனென்றால் இரண்டின் அடியில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. ஆகவே மதர்போர்டைத் தெரிவு செய்யும்போதே, அதைவிட அதிகமாக ஏறிவிட்ட ரேமின் செலவையும் நீங்கள் தெரிவு செய்துவிடுகிறீர்கள். பழுதான கணினியில் இருக்கும் அந்த 16 ஜிபி ரேமை இன்று புதிதாக வாங்கப் போனால் என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதைக் கழித்துவிடச் சொல்லும் ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன், அந்த ரேம்கள் மின்னலில் தப்பினவா என்று பார்க்க வேண்டும். அவற்றை டிடிஆர்4 ரேமில் இயங்கும் வேறொரு கணினியில் பொருத்தி, மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, முழுச் சோதனையும் ஒரு பிழையேனும் காட்டாமல் முடிகிறதா என்று பாருங்கள். சில மணி நேரம் எடுக்கும். சிறிய கூலி கொடுத்தாவது செய்விக்க வேண்டிய வேலை இது, ஏனெனில் மேற்கொண்டு நான் சொல்லும் எல்லாமே இதன் முடிவைப் பொறுத்தது.

ரேம் நல்ல நிலையில் இருந்தால் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய புரொசெசருக்கே பொருந்தும் பாவித்த மதர்போர்ட் ஒன்றைத் தேடுவது மிக மலிவானது. எச்110, பி150, பி250 போன்ற சிப்செட்டுகள், அதாவது போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள், அதற்குப் பொருந்தும். எச்310, பி360 போர்டுகளில் புரொசெசர் பொருந்தும் இடமான சொக்கற்றும் உங்களுடையதைப் போலவே எல்ஜிஏ1151 என்றுதான் எழுதப்பட்டிருக்கும், ஆனால் அவை எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் புரொசெசர்களை மட்டுமே ஏற்கும் என்பதால், சொக்கற்றின் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆறாம் தலைமுறைப் புரொசெசரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தக் கணினி இன்னும் சில வருடங்கள் நன்றாகவே ஓடும் என்றாலும், பட்டப்படிப்பு முழுவதற்கும் அதை நம்பியிருக்கும்படி மகளுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மற்ற இரண்டு வழிகளிலும் மதர்போர்டும் புரொசெசரும் புதிதாக வரும், ரேம் மட்டும் பழையதாகவே இருக்கும். ஒன்று, ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கற். அதில் பி550 மதர்போர்டும் ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி புரொசெசரும் நல்ல சோடி. மற்றையது, இன்டெலின் எல்ஜிஏ1700. அதில் பி660 அல்லது பி760 மதர்போர்டும் ஐ3-12100 அல்லது ஐ5-12400 புரொசெசரும் போதும். எல்ஜிஏ1700 போர்டுகள் டிடிஆர்4இற்கு வேறாகவும் டிடிஆர்5இற்கு வேறாகவும் வருகின்றன. பெயரில் டி4 என்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், பெட்டியின் மேல் எழுதியுள்ள ரேம் வகையையும் படித்துவிட்டே காசு கொடுங்கள். புரொசெசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் வகைகளிலும் ரைசன் 5600இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அவற்றை வாங்கினால் திரையில் படம் வருவதற்கே தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். உங்கள் பழைய ரேமின் வேகம் 2133 ஆக இருக்கக்கூடும். இரண்டு போர்டுகளிலும் அது இயங்கும். விளையாட்டுகளில் சற்று மந்தம் தெரியலாம், ஆனால் நிரல் எழுதவும் படிக்கவும் அது ஒரு குறையாக இராது.

இந்த இரண்டில் எது உங்கள் பக்கத்தில் உத்தரவாதத்துடன் மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். நான் வலியுறுத்த விரும்புவது ரேமுக்கான இடங்கள் நான்கு இருக்க வேண்டும் என்பதையே. எச்610 சிப்செட்டில் இரண்டே இடங்கள்தான் உண்டு. பி வரிசைப் போர்டுகளிலும் மலிவானவை சில இரண்டு இடங்களோடு வருகின்றன. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அன்ட்ரொயிட் செயலிகளையும் ஒரே கணினிக்குள் பல இயங்குதளங்களையும் ஓட்ட வேண்டி வரும்போது மகளுக்கு 16 ஜிபி போதாமல் போகலாம். அப்போது கையில் உள்ளதைக் கழற்றாமல் இன்னும் இரண்டு ரேம்களைச் சேர்ப்பதற்கு அந்த இடங்கள் வேண்டும். அடுத்ததாக, புரொசெசருக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சீர்செய்யும் பகுதியின் மேல் உலோக வெப்பத்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் கச்சான் காற்று அள்ளிவரும் புழுதியிலும், குளிரூட்டி இல்லாத அறையில் மணிக்கணக்காக ஓடும் கணினிக்கு, மின்னும் வண்ண விளக்குகளைவிட அந்தத் தகடே பயன்தரும்.

கொழும்பிலிருந்து வரும் பாவித்த டெல் அல்லது எச்பி நிறுவனக் கணினியாக உங்களுடையது இருந்தால், அதன் பெட்டியும் பவர் சப்ளையும் பெரும்பாலும் சாதாரண மதர்போர்டுகளுக்குப் பொருந்தாது. அவற்றின் செலவையும் கணக்கில் சேருங்கள். எப்படியானாலும் மின்னல் தாக்கிய பவர் சப்ளையைப் புதிய மதர்போர்டில் இணைக்க வேண்டாம். அது இயங்குவதுபோலத் தெரிந்தாலும் உள்ளே சேதமடைந்திருக்கலாம். வீட்டு எர்த் இணைப்பை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இடி முழங்கத் தொடங்கியதும் மின்செருகியோடு ரூட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். பலர் செருகியை மட்டும் இழுத்துவிட்டு அந்த வயரை மறந்துவிடுகிறார்கள்.

ரேம்கள் சோதனையில் தோற்றால் கணக்கு மாறும். டிடிஆர்4 உற்பத்தி குறைந்து அதன் விலையும் ஏறியிருப்பதால், எதையும் மிச்சம் பிடிக்க முடியாத நிலையில் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சொக்கற்றையும் டிடிஆர்5ஐயும் எடுப்பதே நியாயமானது. 2022இல் வந்த அந்தச் சொக்கற்றுக்கு 2027 வரையேனும் புதிய புரொசெசர்கள் வரும் என்று ஏஎம்டி உறுதி கூறியிருக்கிறது. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் சரியாகும்.

கேள்வி: இணையத்தில் பாவித்த மதர்போர்டுகள் மலிவாக விற்கப்படுகின்றன. நம்பி வாங்கலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: நேரில் பார்த்து, இயக்கிப் பார்த்து வாங்க முடிந்தால் வாங்கலாம். படத்தை மட்டும் பார்த்து, பார்சலில் வரட்டும் என்று முன்கூட்டியே காசு அனுப்ப வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வன்னியிலும் நாட்டின் வேறு பல பகுதிகளிலும் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்தது. நனைந்த மதர்போர்டைக் காயவைத்துத் துடைத்தால் சில நாட்கள் இயங்கும், பிறகு துருவேறி நின்றுவிடும். ஆகவே நல்ல வெளிச்சத்தில் போர்டைச் சரித்துப் பிடித்து, திருகாணித் துளைகளின் ஓரங்களிலும், யூஎஸ்பி வாய்களின் உட்புறத்திலும், ரேம் இடங்களின் அடியிலும் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேற்றின் மெல்லிய கோடு இருந்தாலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்டெல் போர்டானால் சொக்கற்றுக்குள் இருக்கும் ஊசிகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று வளைந்திருந்தாலும் வெளிச்சம் படும்போது தனித்துத் தெரியும். ஏஎம்4இல் ஊசிகள் புரொசெசரிலேயே இருப்பதால் அங்கே பாருங்கள். எல்லா ரேம் இடங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும்படி கேளுங்கள், ஏனெனில் ஓர் இடம் செத்த போர்டுகளும் விற்பனைக்கு வருகின்றன.

பி450 போன்ற பழைய ஏஎம்4 போர்டில் ரைசன் 5000 வரிசைப் புரொசெசரைப் பொருத்த நினைத்தால் பயோஸ் எனும் போர்டின் அடிப்படை மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பவரிடமே அதைச் செய்வித்து, திரையில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: விலை இறங்கும் வரை காத்திருப்பது நல்லதா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: புதிய சில்லு ஆலை ஒன்றைக் கட்டி முடித்து உற்பத்தி தொடங்கச் சில வருடங்கள் எடுக்கும். ஆகவே ஓரிரு மாதங்களில் விலை பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்க நான் காரணம் காணவில்லை. படிப்புக்கோ தொழிலுக்கோ வேண்டுமானால் இப்போதே எடுங்கள், ஆனால் அளவாக எடுங்கள். நான்கு ரேம் இடங்கள் உள்ள மதர்போர்டில் இப்போதைக்கு 16 ஜிபி மட்டும் போட்டு, மீதியைப் பிறகு சேர்க்கலாம். விளையாட்டுக்காக மட்டும் புதிய கணினி தேடுகிறீர்கள் என்றால், இருக்கும் கணினியைத் தூசு தட்டி, வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு பொறுத்திருங்கள். எஸ்எஸ்டியின் விலையும் ஏறிவருவதால் அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.