போர்மலின் இதயம் இருக்க, அச்சு இதயம் எதற்கு?

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கும் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்விதான். உடற்கூற்று அறையில், போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வைத்த உண்மையான இதயமே இருக்கும்போது, முப்பரிமாண (3D) பிரின்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் இதயம் எதற்கு?

தானமாக வரும் உடல்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. பிறவிக் குறைபாடுள்ள இதயம் அதில் கிடைப்பது அபூர்வம். 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த நாற்குறையை (நாலு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோய்) எடுங்கள்: இதயவறைகளுக்கு நடுச்சுவரில் துளை, நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுக்கம், துளைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் பெருநாடி, தடித்த வலது இதயவறை. நாலையும் பாடமாக்கிவிடலாம். ஆனால் பெருநாடி எப்படி இரண்டு அறைக்கும் பொதுவாக நிற்கிறது என்பது, அச்சிட்ட இதயத்தின் துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கும்போதுதான் சட்டென்று விளங்கும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. நோயாளியின் சிடி ஸ்கேன் படங்களில் இரத்தம் நிறைந்த பகுதியை மென்பொருளில் பிரித்தெடுத்து, அதைச் சுற்றிச் சுவர் வைத்து உள்ளே வெற்றிடமாக விட்டால், பிரின்டர் அந்த இதயத்தை அடுக்கடுக்காக வார்க்கும். குழந்தையின் இதயம் அதன் கைமுட்டி அளவுதான். இரண்டு மடங்காகப் பெருப்பித்தும் எடுக்கலாம். கோப்பு ஒன்று இருந்தால் போதும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே இதயத்தைப் படிக்கலாம்.

சரி, குறையும் உண்டு. அது துடிக்காது. மெல்லிய வால்வுகள் ஸ்கேனிலேயே தெளிவாக விழுவதில்லை. மலிவான கடின பிளாஸ்டிக்கில் தையல் பழகவும் முடியாது, அதற்கு ரப்பர் போல வளையும் பொருள் வேண்டும், விலையும் கூட.